ஓட மறுத்த சொட்டு

"நேத்து சாயங்காலம் வரைக்கும் குதிரை மாதிரி ஓடுச்சேங்க!"

ஆய்வக மேஜைமேல் குனிந்திருந்தவள் கணவனிடம் புலம்பினாள். நகத்தளவு படிகத் தகடு. அதன் வலது ஓரத்தில் கடுகளவு ரத்தச் சொட்டு ஒன்று நின்று நடுங்கிக்கொண்டிருந்தது.

தகட்டில் மின்சாரம் பாய்ந்தால் காதுக்குக் கேட்காத ஒலி எழும். அந்த ஒலி சொட்டை இடது ஓரத்துப் பரிசோதனைப் புள்ளிக்குத் தள்ளிக்கொண்டு போகும். பம்பும் வேண்டாம், குழாயும் வேண்டாம். இரண்டு வருடமாக ஒருநாள்கூடத் தவறியதில்லை. ஆய்வைத் தொடரவிடலாமா, இழுத்து மூடலாமா என்று பார்க்கப் பதினோரு மணிக்குக் குழு வருகிறது. இன்றைக்கென்று பார்த்துச் சண்டித்தனம்!

"உங்க சர்க்யூட்லதான் கோளாறு."

"என் சர்க்யூட் சுத்தத் தங்கம். ஒலி வராமலா நடுங்குது? உன் தகட்டைப் பாரு."

தகட்டை மாற்றினாள். அவன் வயர்களை மாற்றினான். சொட்டு நடுங்கியது, நகரவில்லை. வீட்டுச் சண்டை ஆய்வகத்துக்குள் வரக்கூடாது என்று கல்யாணமான புதிதில் போட்ட ஒப்பந்தம் காற்றில் பறந்தது. போன மாதம் அவன் மறந்த பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் பேச்சு போய்விட்டது.

மணி பத்தே முக்கால். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மூடிட்டா என்னங்க பண்றது?"

அவன் இறங்கிவந்தான். "மூட மாட்டாங்க. நூறு தடவை ஓடினதுக்கு வீடியோ இருக்கு. நம்ம ஒலி தள்ளாம, வேற யாரு தள்ளினா?"

அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது கதவைத் தட்டிவிட்டுத் தச்சர் உள்ளே வந்தார். கையில் ஒரு சீட்டு.

"ஒரு கையெழுத்து வேணும்மா. குழு வருது, மேஜையெல்லாம் சரி பண்ணுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நேத்து நீங்க கிளம்பினப்புறம் இதைச் சரி பண்ணிட்டேன். ஒரு பக்கம் கால் கட்டையா இருந்துச்சு. இப்ப ரசமட்டம் வெச்சுப் பாத்தாச்சு, நூல் பிசகாது."

பேனாவை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"எந்தப் பக்கம்ணே?"

"இடது பக்கம்மா. இத்தனை நாளா இதுமேல எதை லேசா உலுக்கிவிட்டாலும், தானா அந்தப் பக்கம்தான் ஓடியிருக்கும்."