ரத்தம் பொய் சொல்லாது

"இந்த ரிப்போர்ட்டை நம்புறதா, உங்க மாமனார் ரத்தத்தை நம்புறதா? நீங்களே சொல்லுங்கம்மா" என்று டாக்டர் இரண்டு தாள்களை மேஜைமேல் போட்டார்.

மருமகள் மடியிலிருந்த மருந்து நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"புரியலையே டாக்டர்."

"ரத்தம் கட்டிக்காம இருக்க மாத்திரை குடுக்கிறோம் இல்லையா? ஒண்ணுல ஆரம்பிச்சோம், அசையல. ரெண்டு, மூணுன்னு ஏத்திக்கிட்டே போனோம். நாலுலதான் ரத்த டெஸ்ட் சரியா வந்து நின்னுச்சு. ஆனா இந்த மரபணு ரிப்போர்ட் என்ன சொல்லுது தெரியுமா? இவர் உடம்பு இந்த மருந்தைச் சீக்கிரம் வெளியே தள்ளாதாம். பரம்பரை வாகு. தினம் அரை மாத்திரை போதுமாம். நாலு போட்டா உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிஞ்சு ஆளைக் கொண்டுபோயிடுமாம்."

"ஐயோ!"

"எதுக்கு ஐயோ? மனுஷன் ஒரு மாசமா நாலு முழுங்கிட்டுக் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்காரே! ரத்தம் பொய் சொல்லாதும்மா. லேப்லதான் யாரோடதையோ மாத்திட்டாங்க. எதுக்கும் மூணு நாள் இங்கேயே இருக்கட்டும். நர்ஸே கையால நாலு மாத்திரையும் குடுக்கட்டும், நான் பார்த்துக்கிறேன்." நோட்டை வாங்கிப் புரட்டினார். "தேதி போட்டு, டிக் அடிச்சு, என்ன ஒழுங்கு! வீட்டுக்கு வீடு இப்படி ஒரு மருமக இருந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்."

பாதி! அந்தச் சொல் அவளைச் சுருக்கென்று தைத்தது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் கேட்டுச் சலித்த பேச்சு அது. மற்ற வீடுகளில் மூக்கையும் நிறத்தையும் சொல்லிப் பெருமையடிப்பார்கள். இங்கே, "எங்க வம்சத்து உடம்புக்குப் பாதி மாத்திரை போதும்!" முதலில் அவள் சிரித்தாள். ஒருநாள் மாமனாருக்குச் சளி மாத்திரையை முழுசாகக் கரைத்துக் கொடுத்துவிட, மனுஷன் மறுநாள் சாயங்காலம்வரை கண்ணைத் திறக்கவில்லை. சிரிப்பு அன்றோடு போயிற்று. அவருடைய அண்ணன் ஏதோ மாத்திரை போட்டு ரத்த வாந்தி எடுத்துப் போய்ச் சேர்ந்த கதையும் தெரிந்த பிறகு, டாக்டர் எழுதியதை அப்படியே கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை. ஒன்று என்றால் பாதி. நாலு என்றால் ரெண்டு. டாக்டர் ஏற்ற ஏற்ற, இவள் இறக்கினாள். நோட்டில் மட்டும் ஒழுங்காக நாலு.

சொன்னால் புருஷன் முகத்தில் எப்படி முழிப்பது? சொல்லாவிட்டால் நர்ஸ் வந்து நாலையும் கொடுத்துவிடுவாள். அப்புறம் மாமனார் முகத்தில் முழிக்கவே முடியாமல் போய்விடும்.

வார்டில் மாமனார் கட்டிலில் சம்மணம் போட்டு, போர்வை ஓரத்தை மடித்துக் கட்டைவிரல் நகத்தால் நீவிக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் தையல் மெஷினோடு மல்லுக்கட்டியவர். அந்த நகம் ஓடிய மடிப்புக்கு இஸ்திரிப் பெட்டி தேவையில்லை. பக்கத்தில் ஸ்டூலில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். டாக்டரும் கூடவே வந்து நின்றார்.

நர்ஸ் சின்னக் கிண்ணத்தை நீட்டினாள். "நாலு இருக்கு, பெரியவரே. ஒரே வாயில போட்டுக்குங்க."

மாமனாரின் கை கிண்ணத்துக்குப் போயிற்று.

"மாமா, வேண்டாம்!" மருமகள் பாய்ந்து கிண்ணத்தைப் பிடுங்கினாள். "டாக்டர், அவர் நாலு சாப்பிடவே இல்ல. தினமும் ரெண்டை எடுத்து வெச்சுட்டு, ரெண்டுதான் குடுத்தனுப்பினேன். பயமா இருந்துச்சு. நோட்டுல எழுதினது எல்லாம் பொய்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "படிச்சவங்கதானே நீங்க? உயிரோட விளையாடியிருக்கீங்களே! நான் பாட்டுக்கு ஏத்திக்கிட்டே போயிருக்கேன்." பெருமூச்சு விட்டார். "சரி, அழாதீங்க. இப்பவாவது வாயைத் திறந்தீங்களே. இவருக்குச் சரியான அளவு ரெண்டு. சிஸ்டர், ரெண்டை எடுத்துடுங்க."

மருமகளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. மாமியார் ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

"தம்பி... ரெண்டும் வேண்டாம்."

"ஏம்மா?"

"கிண்ணத்துல ரெண்டு வெச்சு இவ என்கிட்ட குடுப்பா. நேத்து வந்த பொண்ணு, இவர் உடம்பு வாகு இவளுக்கு என்ன தெரியப்போவுதுன்னு, வர்ற வழியிலேயே ஒண்ணை எடுத்து முந்தானையில முடிஞ்சுக்குவேன்." மாமியார் மருமகளைப் பார்த்தாள். "உனக்குத் தெரியும்னு தெரிஞ்சிருந்தா எடுத்திருக்க மாட்டேன்டி."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நல்ல குடும்பம்! நாலு ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு. மருந்தை எழுதுறவன்தான் கேணையன். சிஸ்டர், ஒண்ணு மட்டும் குடுங்க. என் கண்ணு முன்னாடி குடுங்க." தாளை மடித்துப் பையில் வைத்தார். "ஒண்ணுன்னாலும் இந்த ரிப்போர்ட் தப்புதான்."

மாமனார் இரண்டு பெண்களையும் மாறி மாறி முறைத்தார்.

"எனக்குத் தெரியாம இவ்வளவு நடந்திருக்கா? மருந்து விஷயத்துல திருட்டுத்தனமா? வெட்கமா இல்ல உங்களுக்கு?"

மாமியாரும் மருமகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நர்ஸ் அந்த ஒற்றை மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். இன்னும் முறைத்தபடியே, பழக்க தோஷத்தில், கட்டைவிரல் நகத்தை அதன் நடுவில் வைத்து டக்கென்று அழுத்தினார் மாமனார். ஒரு பாதி வாய்க்குப் போனது, மறுபாதி சட்டைப் பையில் விழுந்தது.