வெந்நீர்க் கிண்ணம்

தொட்டால் சுருண்டுகொள்ளும் ஒரு மரவட்டையை ரோஸ்லின் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்தாள். அதன் கால்களுக்கிடையே ஒருநாள் வெள்ளைப் புள்ளிகள் ஊர்ந்தன. உண்ணிதான். பார்த்ததிலிருந்து அவளுக்குப் பிடரியெல்லாம் அரித்தது. மண்மேல் வெள்ளரித் துண்டு வைத்தாள். அவை மொய்த்ததும் துண்டோடு எடுத்து வெந்நீரில் போட்டாள். எத்தனை போட்டாலும் மண்ணுக்குள்ளிருந்து மறுபடி ஏறிவந்தன. மரவட்டை செத்துவிடுமோ என்ற பயத்தில் வேளைக்கொரு துண்டு வைத்தாள்.

இன்று ஏறியவை கொஞ்சம் நீளமாக இருந்தன. கிண்ணத்தில் போட்டதும் கணவன் ஆரோன் எட்டிப் பார்த்தான்.

"ரோஸி, உண்ணி எங்கயாவது சுருளுமா?"

வெந்நீரில் அத்தனையும் வட்டம் வட்டமாகக் கிடந்தன. சுடுவதுகூடத் தெரியாமல் அவள் அள்ளி மண்மேல் வைத்தாள். மரவட்டை ஊர்ந்துவந்து ஒவ்வொன்றையும் மீசையால் தடவியது.