அழித்த கோப்பு

பாபநாசம் குத்தகை விவசாயிகள் சங்கத்தில் மின்சாரம் இல்லை; யு.பி.எஸ். விட்டுவிட்டு அலறுகிறது. இடத்தை அடைக்கிறதென்று செயலாளர் தியாகேசன் அழித்த கோப்பில்தான் எல்லாருடைய சாகுபடிப் பதிவும் இருக்கிறது. நிலத்தைவிட்டு வெளியேற்றும் வழக்கில் அவர்களுக்கு வேறு ஆதாரம் இல்லை. பதறிப்போய்க் கணினியை அணைக்கப் போகிறவரின் கையை, சங்கத்தின் கணினி வேலைகளைக் கவனிக்கும் செவ்வந்தி பிடித்துக்கொள்கிறாள். “அணைக்காதீங்க!” “பழைய விண்டோஸ்ல திறந்திருக்கிற கோப்பை அழிக்கவே விடாதேம்மா?” “லினக்ஸ் விட்டுடும்ங்க. ஆனா டேட்டாபேஸ் புரோகிராம் இன்னும் அதைத் திறந்து வெச்சிருக்கு. அது ஓடுற வரைக்கும் உள்ள இருக்கும்.” அவள் ஒரு பென்டிரைவைச் செருகி அந்தக் கோப்பை நகலெடுக்கிறாள்; அதன் சிறுவிளக்கு துடிக்கிறது. வயலிலிருந்து வரும் வெளிச்சத்தில் அவள் நெற்றி வியர்வை மின்னுகிறது. அலறல் இடைவெளியின்றி நீள்கிறது. யு.பி.எஸ். ஓய்ந்து திரை இருள்கிறது. அவள் பென்டிரைவைத் தன் மடிக்கணினியில் செருகுகிறாள். பெயர்கள் வரிசையாக இறங்குகின்றன. தியாகேசன் முதல் பெயரை வாய்விட்டுப் படிக்கத் தொடங்குகிறார்.