முதலாளி தந்த விறகு

ராயபுரத்துப் பட்டறையில் பழைய நகைகளை உருக்கிப் பொன்னைப் பிரித்தெடுத்த வரதன், சுதந்திரம் வந்த மறுவருஷம் நெஞ்சில் தூசி அடைத்துச் செத்தான்.

மூலக்கொத்தளம் மயானத்தில் குழி வெட்டச் சொல்லிவிட்டாள் மனைவி கெங்கம்மா. முதலாளி பதறிக்கொண்டு வந்தார்.

"குழி எதுக்கு? எரிச்சிடுவோம். விறகு என் செலவு."

"எங்க வயக்கம் பொதைக்கிறதுதான், மொதலாளி."

"மாசத்துக்கொரு புது வேட்டி குடுத்தாரு. பழச மட்டும்தான் திருப்பிக் கேட்டாரு. அந்த மன்சன் பேச்சத் தட்டாதக்கா," என்றான் அவள் தம்பி சின்னப்பையன்.

எரித்தார்கள்.

மறுநாள் பால் தெளிக்கப் போன கெங்கம்மா, துடைத்துவிட்ட வெறுந்தரையைப் பார்த்தாள்.

"உங்க மொதலாளி சாம்பல மூட்ட கட்டி எத்துக்கினு பூட்டாரும்மா," என்றான் சுடுகாட்டுக் காவலாள். "பழைய வேட்டிய எரிச்ச சாம்பல்லயே பொன்னு கெடைக்குதாம். இருவது வருசம் அந்தத் தூசிய முழுங்கின ஒடம்புல எவ்ளோ கீதோன்னாரு."