பொம்மை போட்ட குர்த்தி

துணிக்கடை வாசலில் பொம்மை மேல் சிக்கென்று நின்ற சிவப்புக் குர்த்தியைப் பார்த்து, உள்ளே கொக்கியில் தொங்கிய நீலக் குர்த்திக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் மங்கையர்க்கரசி என்ற பெண் அந்தச் சிவப்பையே கழற்றித் தரச் சொல்லிப் போட்டுப் பார்த்தாள். தோளில் பிடித்தது, இடுப்பில் தொளதொளத்தது. “என் உடம்புதான் சரியில்லை” என்று முனகிவிட்டுப் போனாள்.

சிவப்பு பக்கத்துக் கொக்கிக்கு வந்ததும் நீலத்துக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. “ஏன்டி, உன்னை வேண்டாம்னுட்டாளா?”

“அந்தப் பொம்மைக்கே நான் சேரலைடி. முதுகுப் பக்கம் ஆறு குண்டூசி குத்தித்தான் நிறுத்தியிருந்தாங்க. பாவம், அவளுக்கு அது தெரியல.”

மறுநாள் கடைக்காரர் நீலத்தை எடுத்துப் பொம்மைக்கு மாட்டினார். முதல் குண்டூசி இறங்கும்போதே தெருவில் இரண்டு பெண்கள் ஆசையாக நின்று பார்த்தார்கள்.

நீலம் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றது.