தேறாத வண்டி

பட்டறைக்குள் வண்டியை நிறுத்தியவள், கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கினாள்.

கையில் புகைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்த தாள். அடியில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்: தேறவில்லை.

மெக்கானிக் வேறொரு காரின் அடியில் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் வெளியில் தெரிந்தது. அந்தக் கால்களிடமே அவள் சண்டையைத் தொடங்கிவிட்டாள்.

பரிசோதனை நிலையத்து ஆள் சைலன்சருக்குள் குழாயை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கியதில் ஆரம்பித்தாள். பிறகு அவன் வண்டியை மேலே தூக்கி, டார்ச் அடித்துக் காட்டினான். புகையைச் சுத்தம் பண்ணி அனுப்புகிற கன்வெர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெறும் குழாய். வெல்டிங் வைத்த பளபளப்புகூட இன்னும் போகவில்லை. வரிசையில் நின்றிருந்த டிரைவர்கள் எல்லாரும் வந்து குனிந்து பார்த்தார்கள். தன் வண்டியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்றே தெரியாமல் ஒருத்தி ஓட்டிக்கொண்டிருக்கிறாளே என்று ஒருவன் அவள் காதில் விழும்படியே சொன்னான்.

சொல்லச் சொல்ல அவளுக்கு மூச்சு வாங்கியது. காருக்கு அடியில் கிடந்த கால்கள் அசையவில்லை.

ஏழு மாதமாக அந்த வண்டிதான் அவளுக்கு எல்லாம். ஆஸ்பத்திரி நர்ஸ்கள் நாலு பேரைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் வேறு நாலு பேரை வீடு சேர்க்கிற வேலை. நாளைக் காலைக்குள் சான்றிதழைக் கொடுக்காவிட்டால் அந்த வேலை வேறு வண்டிக்குப் போய்விடும். ஆஸ்பத்திரி மேலாளர் மூன்று முறை சொல்லிவிட்டார்.

இந்தப் பட்டறையில் சர்வீஸ் முடிந்து வந்த அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வண்டி உறுமியது. முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது, அணையவே இல்லை. பின்சீட்டு நர்ஸ் ஒருத்தி இரண்டு நாளாகக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

ஆனால் இழுவையில் குறையே இல்லை. மேம்பாலத்தில் எப்போதும் போலத்தான் ஏறியது. சொல்லப்போனால், ஒரு துளி சுறுசுறுப்பாகவே ஏறியது. அதில்தான் ஏமாந்துபோனாள்.

நிலையத்து வாசலில் நின்றே கணவனுக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தாள். வண்டி வாங்கிய நாளிலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசாதவர், இன்றைக்குக் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். போன வாரம் தன் லீவு நாளில், அவள் அசந்து தூங்கட்டும் என்று, வண்டியை சர்வீசுக்குக் கொண்டுபோனதும் அவர்தான். பட்டறைக்காரன் கழற்றி விற்றிருப்பான், அந்த மாதிரி ஆளோடு மல்லுக்கட்டி என்ன கிடைக்கப்போகிறது, விட்டுத் தள்ளு, கொஞ்ச நாள் வீட்டில் நிம்மதியாக இரு என்றார்.

அவ்வளவு தன்மையான குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் கொதிப்பு அடங்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று நேரே இங்கே வந்துவிட்டாள்.

கேட்டாள். திருடன் என்றாள். நாலு பேர் மூச்சில் விஷத்தைக் கலந்துவிட்டு இப்படிக் கல் மாதிரி படுத்துக்கிடக்க எப்படி மனசு வருகிறது என்றாள். போலீசுக்குப் போவேன் என்றாள். பக்கத்துக் கடையில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

மெக்கானிக் மெல்ல நகர்ந்து வெளியே வந்தார். அவள் அப்பா வயதிருக்கும். எழுந்து, கந்தல் துணியில் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

உள்ளே போய் ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கிவந்து அவள் காலடியில் வைத்து அவிழ்த்தார்.

உள்ளே கன்வெர்ட்டர் இருந்தது. மேலே அவள் வண்டி நம்பரைச் சாக்கட்டியால் எழுதியிருந்தார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இதைக் கழற்ற யார் சொன்னது என்று கேட்டாள். இந்த முறை குரல் தானாகவே இறங்கியிருந்தது.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், வண்டியைப் பார்த்துச் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட அன்னிக்கே சொன்னேம்மா, இதை எடுத்தா இன்ஜினுக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது, ஆனா டெஸ்ட்ல தேறாதுன்னு. அதுதான் வேணும்னாரு."

டயர் கடைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

 அவள் குனிந்து, கன்வெர்ட்டரைத் தானே தூக்கி, வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். சாவியை அவரிடம் நீட்டினாள்.

"மாட்டுங்கண்ணே. அஞ்சு மணி வரைக்கும் டெஸ்ட் இருக்கு."

அவள் கத்தவில்லை. ஆனாலும் சாவியை வாங்கிய மெக்கானிக் ஓர் அடி பின்னால் நகர்ந்துதான் வாங்கினார்.