நீலப் பொட்டு வைத்த போல்ட்

பின்பக்க ஸ்பிரிங்கைப் பிடிக்கிற போல்ட்டுகள் தேய்ந்து, மோகனதாஸின் வேன் படுத்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போக வேறு வண்டி கிடையாது. அந்த மொடலுக்குச் சாமான் செய்வதைக் கம்பெனியே எப்போதோ நிறுத்திவிட்டது. கேகாலை முழுக்க அலைந்து, கடைசியில் றம்ஸீனின் பழைய சாமான் கடைக்குப் போனார்.

"நாலே நாலுதான் ஈக்கிது. யாரு கொணந்து போட்டாங்கண்டும் தெரியா," என்றார் றம்ஸீன்.

"அது போதும் நானா, குடுங்க."

மழை விட்டு எத்தனையோ நாளாகியும் போல்ட்டுகளில் செம்மண் ஈரமாக ஒட்டியிருந்தது. துடைத்தபோது ஒவ்வொன்றின் தலையிலும் நகத்துக்குப் பூசுகிற நீலக் கியூடெக்ஸ் பொட்டு.

இறுக்கி முடித்த போல்ட்டில் அண்ணியின் கியூடெக்ஸைத் தொட்டு வைக்கிற பழக்கம் அண்ணன் லோகநாதனுக்குத்தான் உண்டு. அவரும் இதே மாதிரி வேன்தான் ஓட்டினார். மலை சரிந்து தோட்டத்து லய வீடுகளை மூடிய அன்று, லயத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட வேன் அவரோடும் ஆட்களோடும் அப்படியே புதைந்துபோனது. இன்றுவரை தோண்டி எடுக்கவில்லை.

பிள்ளைகளை நினைத்து, மோகனதாஸ் அவற்றையே பூட்டினார்.

வெறும் வேன், ஆள் நிறைந்ததுபோல அமுங்கியே ஓடியது. ஏற்றத்தில் திணறியது. லயம் இருந்த இடத்தில் நிறுத்தினார். ஒவ்வொருத்தராக இறங்குவதுபோல, பின்பக்கம் கொஞ்சங்கொஞ்சமாக எழும்பியது.

"அண்ணே, நீங்களா?" என்றார் மெதுவாக.

கதவைத் திறந்து தானும் இறங்கிப் பார்த்தார்.

டிரைவர் பக்கம் மட்டும் எழும்பவேயில்லை.